பள்ளி வாசலில் 50 மீட்டர்: மனு யார் மேசைக்குப் போக வேண்டும்?

பள்ளி வாசலில் தொங்கும் பாக்கெட் தீனி, கலர் பானம் பற்றி மனு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "தடைச் சட்டம் கொண்டுவர வேண்டும்" என்று முடிக்கிறார்கள். விதி ஏற்கெனவே இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கான உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2020-இல் வந்தது. 2021 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது. ஆகவே நாம் கேட்க வேண்டியது வேறு: இந்த விதியை யார், எந்தத் தேதிக்குள், எப்படி நடத்திக் காட்டுவது என்று சொல்லும் ஒரு பக்க உத்தரவு.

அந்த உத்தரவில் கையெழுத்திடுபவர் பள்ளிக்குப் பள்ளி மாறுவார். அரசுப் பள்ளி என்றால் தலைமையாசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு, மேலே நாகர்கோவிலில் முதன்மைக் கல்வி அலுவலர். நம் குமரி மாவட்டத்தில் கத்தோலிக்க மறைமாவட்டங்களும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பேராயமும் அறக்கட்டளைகளும் நடத்தும் உதவிபெறும் பள்ளிகள் ஏராளம். 2012 திருத்தத்துக்குப் பிறகு அங்கே மேலாண்மைக் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் வேலை மட்டும்தான். அங்கே குழுத் தீர்மானத்தோடு நின்றுவிட்டால் அது காகிதமாகவே கிடக்கும். தாளாளரையோ, பல பள்ளிகளுக்குப் பொதுவான மேலாளரையோ பார்த்தால் ஒரே சுற்றறிக்கை பல பள்ளிகளுக்குப் போய்ச் சேரும். அவரிடம் போகும் வழி கலெக்டர் அலுவலகம் வழியாக இல்லை. அன்பியக் கூட்டம் (கத்தோலிக்கக் குடும்பங்களின் சிறு குழு), பங்குப் பேரவை, சி.எஸ்.ஐ. சபைக் கமிட்டி வழியாக. சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கு 2025 மே மாதத்தில் வாரியமே சர்க்கரைப் பலகை, அதாவது தின்பண்டங்களிலும் பானங்களிலும் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் பலகை, வைக்கச் சொல்லிவிட்டது. அங்கே பலகை இருக்கிறதா என்று கேட்டாலே பேச்சு தொடங்கிவிடும்.

வாசலுக்கு வெளியே உள்ள கடை கல்வித்துறையின் பொறுப்பில் வராது. அது உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலருக்குரியது. சாலை ஓரத்தை அடைத்த தள்ளுவண்டி என்றால் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி அல்லது மாநகராட்சி. எல்லாவற்றையும் ஒரே மனுவில் திணித்தால் ஒவ்வொரு துறையும் அடுத்த துறையைக் கைகாட்டும்.

கணக்கெடுப்பில்தான் பாதி வேலை. ஒன்பது ஒன்றியங்களிலும் ஒன்றுக்கு இரண்டு பள்ளி, மொத்தம் 18 போதும். ஐந்து வேலை நாட்கள், ஒவ்வொரு நாளும் மூன்று வேளை: முதல் மணிக்கு முந்திய அரை மணி நேரம், மதிய இடைவேளை, பள்ளி விட்ட பிறகு அரை மணி நேரம். படிவத்தில் நான்கே கட்டம்: வாசலிலிருந்து தூரம், பண்டம், விலை, வாங்கிய பிள்ளைகளின் எண்ணிக்கை. கடைப்பெயரும் பிள்ளைகளின் படமும் வேண்டாம். காலடியால் அளக்காதீர்கள், நாடாவால் அளங்கள். இரண்டு வாசல் உள்ள பள்ளியில் இரண்டிலிருந்தும் அளக்க வேண்டும். புகையிலைக்கு விதி வேறு: 2003 சட்டப்படி 100 கஜம், ஏறக்குறைய 91 மீட்டர், அதை வாசலிலிருந்து அளப்பதில்லை, சுற்றுச்சுவரின் வெளிவிளிம்பிலிருந்து அளப்பார்கள். இரண்டையும் ஒரே நாடாவில் அளந்து கொடுத்தால் முதல் விசாரணையிலேயே அறிக்கை அடிபட்டுப் போகும்.

நாள் தேர்வும் முக்கியம். தேர்வு நாட்களில் பிள்ளைகள் வரும் நேரம் மாறும். ஜூன், ஜூலை மழையில் வண்டிக் கடைகள் வராது. மார்ச்சில் மண்டைக்காடு கொடை, அய்யா வைகுண்டர் அவதார நாள், டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா என்று உள்ளூர் விடுமுறைகளும் இடையில் வரும். ஜனவரியில் பொங்கல் விடுமுறை முடிந்தபின் எடுப்பது நல்லது. பிப்ரவரியில் மனு, மே மாதத்துக்குள் உத்தரவு, ஜூனில் பள்ளி திறக்கும்போது வாசலில் விதியைச் சொல்லும் அறிவிப்புப் பலகை. தேர்தல் நடத்தை விதி வந்தால் மனு வாங்கும் கலெக்டரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டமே நின்றுவிடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

மனு பெரும்பாலும் விழும் குழி ஒன்று உண்டு. ஒரு பள்ளியின் பெயரைப் போட்டுக் கலெக்டரிடம் கொடுத்தால், அது "தக்க நடவடிக்கைக்காக" முதன்மைக் கல்வி அலுவலருக்கும், அங்கிருந்து மாவட்டக் கல்வி அலுவலருக்கும், கடைசியில் அதே தலைமையாசிரியரிடம் விளக்கம் கேட்டும் போகும். அவர் "எங்கள் பள்ளி அருகே அப்படிக் கடை எதுவும் இல்லை" என்று எழுதிக் கொடுப்பார், மனு முடிந்தது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, பழி தன் மேல் விழுவதை யார் விரும்புவார்? பதினெட்டுப் பள்ளிகளின் தொகுப்புக் கணக்கைக் கொடுங்கள். அந்தத் தலைமையாசிரியர்களை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். மனு ஒரு பக்கம், இணைப்பு இரண்டு பக்கம். கேட்பது ஒன்றே ஒன்று. மனு எண் இல்லாமல் திரும்பி வராதீர்கள்.

பதில் வராவிட்டால் தகவல் உரிமை மனு: 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். "50 மீட்டர் விதி தொடர்பாகப் பள்ளிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கைகளின் நகல்", "கடந்த கல்வியாண்டில் பள்ளி அருகே நடந்த ஆய்வுகளின் தேதி, இடம்" என்று கேளுங்கள். ஆய்வே நடக்கவில்லை என்ற பதில் வந்தாலும் நமக்கு அது ஆதாரம்தான். நவம்பர் 1 நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த நாள். கிராம சபையும் அன்று உண்டு. தீர்மானத்தை அங்கே வைத்தால் ஊராட்சியையும் கையில் பிடித்துவிடலாம்.

கடைக்காரரை எதிரியாக்குவதுதான் பெரிய தவறு. அந்தக் கடையை நடத்துவது பெரும்பாலும் அதே ஊர்க்காரர். அவர் பேரப்பிள்ளையும் அந்தப் பள்ளியில் படிக்கலாம். பழம்பொரியும் ரசவடையும் விற்கலாமா என்ற வாக்குவாதத்தில் முதலில் இறங்காதீர்கள். கலர் பானம், பாக்கெட் தீனி, மிட்டாய் போதும் தொடக்கத்துக்கு. மாற்றுப் பண்டம் சொல்லும்போது அவர் கணக்கையும் பாருங்கள். பாக்கெட் இரண்டு மாதம் தொங்கினாலும் கெடாது, மட்டி வாழைப்பழம் சில நாளில் கறுத்துவிடும். அதனால் சுண்டல், அவித்த கடலை, மோர் போன்ற அன்றன்றே தீரும் சரக்கை, பிள்ளைகள் கையில் இருக்கும் ஐந்து, பத்து ரூபாய்க்குள் விற்கும்படி பேசுங்கள். இருக்கிற சரக்கை விற்றுத் தீர்க்க இரண்டு மாதம் அவகாசம் கொடுத்து, அந்தத் தேதியை உத்தரவிலேயே எழுதச் சொல்லுங்கள். அந்தத் தேதி கழிந்த மறுவாரம் அதே நாடா, அதே படிவத்தோடு அதே 18 பள்ளிகளுக்குத் திரும்பப் போக வேண்டும்.