பெர்ஃபோர்ஸில் தமிழ் வசனக் கோப்புகள்: எடுத்து, திருத்தி, திரும்ப வைத்த அனுபவம்

சிங்கப்பூரில் பிள்ளைகளுக்கான கற்றல் விளையாட்டுகளுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறேன். அலுவலகம் ஒன்-நார்த் பக்கம். ஒவ்வொரு விளையாட்டும் ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என நான்கு மொழிகளிலும் ஒரே நாளில் வெளியாக வேண்டும். இதற்கு முன் பார்த்த வேலைகளில் வசனக் கோப்பு மின்னஞ்சலில் வரும். திருத்தி, பெயரின் கடைசியில் ‘இறுதி’ என்று சேர்த்துத் திருப்பி அனுப்பினால் முடிந்தது. இங்கே அந்தப் பழக்கம் கிடையாது. நிரல், படம், ஒலி, வசனம் எல்லாமே பெர்ஃபோர்ஸ் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் இருக்கின்றன; ஒவ்வொரு கோப்பின் எல்லாப் பதிப்புகளையும், யார் எதை மாற்றினார் என்பதையும் ஒரு சர்வரில் சேர்த்து வைப்பது அது. ஒரு காற்புள்ளியை மாற்றுவதானாலும் அங்கிருந்து முறையாக எடுத்துத்தான் மாற்ற வேண்டும்.

என்னைப் போல நிரல் எழுதத் தெரியாமல் இந்தத் துறைக்கு வரும் மொழிபெயர்ப்பாளர்களும் எழுத்தாளர்களும் இங்கே கணிசமாக இருக்கிறார்கள். வழிகாட்டிகளோ புரோகிராமர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அதனால் ஒரு வசன எழுத்தாளர் பக்கத்திலிருந்து, நான் கடந்து வந்த வழியை விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் எதிர்ப்படுவது ‘ரீட் ஒன்லி’. வசனக் கோப்பை எக்செல்லில் திறந்தால் மேலே அப்படித்தான் காட்டும். படிக்கலாம், சேமிக்க முடியாது. இது பழுதல்ல. பெர்ஃபோர்ஸ் உங்கள் கணினிக்கு அனுப்பும் கோப்புகள் எல்லாம் வழக்கமாக இப்படித்தான் வந்து சேரும். ‘நான் இதைத் திருத்தப் போகிறேன்’ என்று சர்வரிடம் சொன்ன பிறகுதான் அது எழுதக்கூடிய கோப்பாக மாறும். அப்படிச் சொல்வதற்குத்தான் செக் அவுட் என்று பெயர். பக்கத்து மேசையில் இருந்த புரோகிராமர் அண்ணன் இதை ஒரே மூச்சில் சொல்லிக் கொடுத்தார்: “முதல்ல லேட்டஸ்ட் எடும்மா. அப்புறம் யார் கையில இருக்குன்னு பாரு. அதுக்கப்புறம் செக் அவுட்.” அந்த வரிசையை நான் இன்றுவரை மாற்றவில்லை.

லேட்டஸ்ட், அதாவது சர்வரில் உள்ள கடைசிப் பதிப்பு, ஏன் முதலில்? உங்கள் கணினியில் இருப்பது நேற்றைய பிரதியாக இருக்கலாம். பழைய பிரதியைச் செக் அவுட் செய்யவும் பெர்ஃபோர்ஸ் விடும். திரும்ப வைக்கும்போதுதான் தடுத்து நிறுத்தி, நடுவில் வேறு ஒருவர் செய்த மாற்றத்தை என்ன செய்வது என்று கேட்கும். வெறும் எழுத்துக் கோப்பு என்றால் இரண்டையும் சேர்த்துவிடலாம். எக்செல் கோப்பு, படம், ஒலி என்றால் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும், இன்னொருவருடைய உழைப்பு போய்விடும். அதனால் லேட்டஸ்ட் எடுக்காமல் எக்செல்லைத் தொடவே கூடாது என்பது என் கண்டிப்பான கருத்து.

யார் கையில் இருக்கிறது என்பதைப் பெர்ஃபோர்ஸின் பி4வி என்ற முகப்பில் படக்குறிகளைப் பார்த்தே சொல்லிவிடலாம். பச்சைப் புள்ளி இருந்தால் உங்களிடம் இருப்பது கடைசிப் பதிப்பு. மஞ்சள் முக்கோணம் என்றால் சர்வரில் புதியது வந்துவிட்டது. சிவப்பு டிக் நீங்கள் எடுத்திருப்பதையும், நீல டிக் வேறு யாரோ எடுத்திருப்பதையும் காட்டும். அந்த நீல டிக்தான் நமக்கு முக்கியம். அதன்மேல் சுட்டியைக் கொண்டுபோனால் எடுத்தவர் யார் என்று தெரியும். எழுந்து போய்க் கேட்டுவிடலாம், அல்லது ஒரு செய்தி அனுப்பலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலரைக் குழப்புகிற விஷயம் இது. செக் அவுட் உங்கள் பெயரில் மட்டுமல்ல, உங்கள் ‘வொர்க்ஸ்பேஸ்’ பெயரிலும் பதிவாகிறது. வொர்க்ஸ்பேஸ் என்பது ஒரு குறிப்பிட்ட கணினியில், ஒரு குறிப்பிட்ட அடைவில் இருக்கும் உங்கள் வேலைப் பிரதி. அலுவலக மேசைக் கணினியில் எடுத்த கோப்பை வீட்டு மடிக்கணினியில் திறந்தால் அங்கே அது ரீட் ஒன்லியாகவே இருக்கும். சர்வர் பார்வையில் நீங்களே உங்களைத் தடுக்கும் வேறு ஆளாகத் தெரிவீர்கள்! வீட்டிலிருந்து வேலை செய்யும் நாள்களில், முந்தின மாலை அலுவலகக் கணினியில் எதுவும் திறந்த நிலையில் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

சரி, இனிப் பூட்டு பற்றி. எல்லாக் கோப்பும் ஒரே மாதிரி அல்ல. எழுத்துக் கோப்பை ஒரே நேரத்தில் பலர் எடுக்கலாம். ஆனால் எக்செல், ஃபோட்டோஷாப், வேவ் (ஒலி) போன்ற, வரி வரியாகப் படிக்க முடியாத பைனரிக் கோப்புகளுக்கு எங்கள் நிர்வாகி ‘ஒருவருக்கு மட்டும்’ என்ற வகையை அமைத்திருக்கிறார். ஒருவர் எடுத்தால் அவர் திரும்ப வைக்கும்வரை மற்றவருக்குக் கிடைக்காது. இது புதிய யோசனை அல்ல. பர்டூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிச்சி 1982இல் உருவாக்கிய ஆர்சிஎஸ் மென்பொருளில் நிரல் கோப்புகளையே இப்படிப் பூட்டித்தான் திருத்தினார்கள். பிறகு சிவிஎஸ் என்ற இன்னொரு பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் திருத்தி, அப்புறம் இணைத்துக்கொள்ளும் முறை பரவியது. வரி வரியாக ஒப்பிடக்கூடிய கோப்புக்கு அது பொருந்தும். எக்செல்லை அப்படி ஒப்பிட முடியாது என்பதால் அதற்கு இன்றும் பூட்டுதான் பாதுகாப்பு. இதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். பூட்டு இல்லாத இடத்தில் யாராவது ஒருவருடைய திருத்தம் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

ஆனால் எங்களுக்கு வந்த சிக்கலும் பூட்டிலிருந்துதான் வந்தது. அப்போது நான்கு மொழி வசனமும் ஒரே எக்செல் கோப்பில், ஆளுக்கொரு நெடுவரிசையாக இருந்தன. சீனம் எழுதுபவர் எடுத்திருந்தால் மற்ற மூவரும் காத்திருக்க வேண்டும். ஹரி ராயா நேரத்தில் இது முட்டி நின்றது. மலாய் வசனம் எழுதும் தோழி கோப்பை எடுத்துப் பாதித் திருத்தத்தில் இருந்தபோது விடுப்பு தொடங்கிவிட்டது. ஜொகூரில் இருந்த உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார். எங்களுக்கோ தமிழ்க் குரல் பதிவுக்கு ஒலிக்கூடம் பதிவு செய்தாகிவிட்டது, குரல் கொடுக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் நேரம் சொல்லியாகிவிட்டது. வசனத்தில் சில வரிகள் பிள்ளைகள் வாயில் நுழையாத நீளம். பதிவுக்கு முன் மாற்றியே ஆக வேண்டும்.

அவருக்குச் செய்தி அனுப்பினேன். உடனே பதில் போட்டார்: கோப்பு அலுவலகக் கணினியில் இருக்கிறது, தன் மாற்றங்கள் இன்னும் முடியவில்லை, ஆனால் அவை போய்விடக் கூடாது. நியாயமான கவலை. பூட்டை எடுக்க ‘ரிவர்ட்’ செய்தால், எடுத்தபோது இருந்த நிலைக்குக் கோப்பு திரும்பிவிடும்; இடையில் செய்த திருத்தம் அழியும். கணினியின் குப்பைத் தொட்டியிலும் அதைத் தேட முடியாது.

நிர்வாகி ஒரு வழி காட்டினார். சர்வரில் உள்ள ‘இவர் எடுத்திருக்கிறார்’ என்ற பதிவை மட்டும் நீக்கி, அந்தக் கணினியில் உள்ள கோப்பைத் தொடாமல் விட ரிவர்ட்டிலேயே ஒரு விருப்பம் இருக்கிறது. அதை நிர்வாகி உரிமை உள்ளவர் இன்னொருவரின் வொர்க்ஸ்பேஸுக்கும் செய்ய முடியும். தோழியின் சம்மதத்தைக் கேட்டு வாங்கிய பிறகே அவர் அதைச் செய்தார். எனக்குக் கோப்பு கிடைத்தது. லேட்டஸ்ட் எடுத்து, செக் அவுட் செய்து, தமிழ் வரிகளைச் சுருக்கி, அன்றே திரும்ப வைத்தேன். குரல் பதிவு குறித்த நேரத்தில் நடந்தது.

தோழி திரும்பி வந்து லேட்டஸ்ட் எடுக்கப் பார்த்தபோது பெர்ஃபோர்ஸ் மறுத்தது: எழுதக்கூடிய நிலையில் ஒரு கோப்பு அங்கே இருக்கிறது, அதை மேலெழுத மாட்டேன் என்ற பொருளில் ஒரு செய்தி. இந்த மறுப்புதான் அவர் வேலையைக் காப்பாற்றியது. அவர் தன் பிரதியை வேறு அடைவுக்கு நகர்த்திவிட்டு, புதிய பதிப்பை எடுத்து, மலாய் நெடுவரிசையை மட்டும் அதில் ஒட்டினார். நீங்கள் இந்தச் செய்தியைப் பார்த்தால் அவசரப்பட்டுக் ‘கட்டாயமாக எடு’ என்று கொடுக்காதீர்கள். முதலில் கையில் உள்ளதை நகல் எடுங்கள்.

அந்தப் பெருநாளுக்குப் பிறகு ஒரே எக்செல் கோப்பு முறை வேண்டாம் என்று நான்கு மொழிக்காரர்களும் சேர்ந்து கேட்டோம். புரோகிராமர்கள் ஒத்துக்கொண்டார்கள். இப்போது ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி எழுத்துக் கோப்பு. ஒரு வரிக்கு ஓர் அடையாள எண், ஒரு வசனம். பிரித்த சமயத்தில் ஒரு விஷயத்தில் கவனமாக இருந்தோம்: எக்செல்லிலிருந்து சேமிக்கும்போது சாதாரண சிஎஸ்வி என்று கொடுத்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும், ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்று இருப்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எழுத்துக் கோப்பு ஆனதும் பூட்டு போய்விட்டது, அதன் இடத்தில் இணைக்கும் வேலை வந்தது. நானும் மெய்ப்புப் பார்ப்பவரும் ஒரே நேரத்தில் தமிழ்க் கோப்பை எடுக்கிறோம். அவர் முதலில் திரும்ப வைத்துவிட்டால், நான் வைக்கும்போது ‘ரிசால்வ்’ கேட்கும். மூல வரி, அவர் வரி, என் வரி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். வேறு வேறு வரிகளைத் தொட்டிருந்தால் தானாகவே சேர்ந்துவிடும். ஒரே வரியை இருவரும் மாற்றியிருந்தால் மட்டும் நான் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். ஒரு வசனம் ஒரு வரி என்று வைத்தது இங்கேதான் கைகொடுக்கிறது. ஒரு பத்தி முழுவதும் ஒரே வரியாக இருந்தால் ஒரு ஒற்றெழுத்து மாறினாலும் பத்தி மொத்தமும் மோதும்.

தமிழுக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு தனியே, கால் தனியே என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பெர்ஃபோர்ஸுக்கு இவை வேறு வேறு. மெய்ப்புப் பார்ப்பவர் பழைய எழுத்துரு மாற்றி ஒன்றின் வழியாகக் கொண்டுவந்த பகுதியில், எந்த வேறுபாடும் கண்ணுக்குத் தெரியாமல் வரிக்கு வரி ‘மாறியிருக்கிறது’ என்று காட்டியதற்குக் காரணம் இதுதான். ஓகார, ஔகாரக் குறிகளிலும் இப்படி நடக்கும். புரோகிராமர் அண்ணன் சிறு நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்தார். திரும்ப வைப்பதற்கு முன் அது எல்லாவற்றையும் ஒரே குறி வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. தமிழில் வேலை செய்யும் குழுக்கள் இதை முதல் நாளிலேயே செய்துவிடுவது நல்லது. ஒப்பிட்டுக் காட்டும் பி4மெர்ஜில் எழுத்துக் குறியீட்டை யுடிஎஃப்-8 என்று அமைத்தால்தான் தமிழ் ஒழுங்காகத் தெரியும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்ப வைப்பதில் பெரிதாக ஒன்றுமில்லை. ‘சப்மிட்’ கொடுக்கும் முன் ஒவ்வொரு கோப்பையும் பழையதோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். குறிப்புப் பெட்டியில் ‘திருத்தம்’ என்று மட்டும் போடாமல், எந்தக் காட்சி, எந்த எண், ஏன் என்று ஒரு வரி எழுதுகிறேன். மாதங்கள் கழித்து ‘இந்தச் சொல்லை ஏன் மாற்றினோம்’ என்ற கேள்வி கட்டாயம் வரும். அப்போது ‘டைம்-லாப்ஸ் வியூ’வில் அந்த வரியின் வரலாற்றைத் திறந்தால் பதில் அங்கேயே இருக்கிறது. எடுத்துவிட்டுத் திருத்தாமல் விட்டவற்றை ‘ரிவர்ட் அன்சேஞ்ட் ஃபைல்ஸ்’ விடுவித்துவிடும். மாறாத கோப்புகளை மட்டுமே அது தொடும் என்பதால் பயமில்லாமல் பயன்படுத்தலாம்.

ஒலிக் கோப்புகளுக்கு மட்டும் பூட்டு அப்படியே இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அவற்றில் வேலை முடியாமல் விடுப்பு வந்தால் ‘ஷெல்வ்’ செய்துவிட்டுப் பிறகு ரிவர்ட் செய்கிறோம். ஷெல்வில் வைத்தது சர்வரில் பத்திரமாக இருக்கும்; கோப்பும் மற்றவருக்குக் கிடைக்கும். தீபாவளிக்கு முன் அடுத்த தமிழ்க் குரல் பதிவு இருக்கிறது. எந்தெந்த ஒலிக் கோப்புகள் எங்களுக்கு வேண்டும் என்ற பட்டியலை மலாய், சீன எழுத்தாளர்களிடமும் ஒலிப் பொறியாளரிடமும் இப்போதே கொடுத்துவிட்டேன்.