ஒரு வீசை, நான்கு ஈயக்குண்டு, மூன்றாவது தராசு

நேற்றுச் சாயங்காலம் நானே செய்த தராசு, பழைய எடைக் கணக்கில் 39 பலத்தையும் 40 பலத்தையும் ஒருவழியாகப் பிரித்துக் காட்டிவிட்டது. ஆனால் இப்போது சமமான இரண்டு எடையை வைத்தாலும் சமம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. பாதி வெற்றிதான், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் ஐஸ் கம்பெனியில் கணக்கெழுத அதிகம் இருக்காது. ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கும் அப்போதுதான் லீவு. மூன்று வருஷமாகத் திண்ணையில் புதிர் போட்டு வருகிறேன். இந்த வருஷ முதல் கேள்வி தடைக்காலமேதான்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மொத்தம் எத்தனை நாள்? பத்தாம் வகுப்புப் பையன் 60 என்றான். ஆறாவது படிக்கும் சின்னவள் 16, 31, 14 என்று மாதம் மாதமாகக் கூட்டி 61 என்றாள். அவள் அப்பா விசைப்படகுக்காரர். அந்த வீட்டில் ஒரு நாள் தப்பினால் தெரியாமல் போகுமா?

படகில் தொங்கும் ஏணிக் கேள்வி மட்டும் இங்கே செல்லாது. கடல் ஏறினால் எத்தனை படி முங்கும் என்று கேட்டு முடிப்பதற்குள், "மாமா, படகும் சேர்ந்துதானே ஏறும்" என்று நாலு பேர் கத்திவிட்டார்கள். ஐந்தாமவன், நம்ம பக்கம் தண்ணி ஒரு மீட்டர்கூட ஏறாதே, எந்த ஊர் ஏணி இது என்று கேட்டான்.

சரி, எடைக்கல் கதைக்கு வருகிறேன். 40 பலம் கொண்ட ஒரு கல் கீழே விழுந்து நான்கு துண்டாகிறது. அந்த நாலு துண்டை வைத்து 1 முதல் 40 வரை எந்த முழுப் பலத்தையும் நிறுக்க முடிகிறது. துண்டுகளின் எடை என்ன? பிரான்சில் பாஷே என்பவர் 1612இல் அச்சேற்றிய புதிர் இது. 1202இலேயே இத்தாலியின் பிபனாச்சி எழுதிவிட்டார். எனக்குப் பிடித்தது வேறு விஷயம். நம் பழைய கணக்கில் 40 பலம் சேர்ந்தால் சரியாக ஒரு வீசை. புதிர் நமக்காகவே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது.

பிள்ளைகள் 1, 2, 4, 8 என்று போய் 15இல் முட்டி நின்றார்கள். இரண்டு நாள் கழித்து அதே சின்னவள், "பொருள் இருக்கிற தட்டுலயும் கல்லு வைக்கலாமா?" என்றாள். அவ்வளவுதான், பூட்டு திறந்துவிட்டது. 1, 3, 9, 27. இரண்டு பலம் வேண்டுமா, ஒரு பக்கம் 3, பொருளோடு 1. பதினாலுக்கு ஒரு பக்கம் 27, மற்ற மூன்றும் பொருளோடு. தாளில் எல்லோருக்கும் புரிந்தது. கையில் செய்து காட்டு என்றார்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

ஒரு பலத்துக்கு 35 கிராம் என்று வைத்துக்கொண்டேன். முதலில் கடல் மணலைத் துணிப்பையில் கட்டினேன். உப்பு மண் ராத்திரி ஈரத்தைக் குடித்து, காலையில் 27 பலப் பை 28ஐத் தாண்டிவிட்டது. அடுத்து வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு. ஒன்றரைக் கிலோ என்று காசு வாங்கிய கடையில் தந்தது 1 கிலோ 380 கிராம்தான், நகைக்கடையில் வேலை செய்யும் மச்சான் நிறுத்துச் சொன்னார். எடைக்கல் செய்ய வாங்கிய சாமானிலேயே எடை குறைவு! நாலு கட்டுக்கும் மொத்தம் 1400 வேண்டும், 20 கிராமுக்கு வேறு ஆளிடம் போனேன். தங்கூசி நரம்பில் (வலை பின்னும் நைலான் இழை) கோத்து, சைக்கிள் டியூபால் சுற்றிவிட்டேன். ஈயத்தைப் பிள்ளைகள் வெறுங்கையால் தொட்டுவிட்டு அப்படியே முறுக்கு தின்னக் கூடாது பாருங்கள்.

தராசுக்கோல் ஒன்றரை அடிப் பனை வரிச்சு. தட்டு இரண்டும் எவர்சில்வர். நடுவில் தடித்த போல்ட் போட்டது முதல் தப்பு. பாரம் ஏறியதும் மரத்தில் கவ்விக்கொண்டு அசையவே மாட்டேன் என்றது. இரண்டாவது தராசில் சைக்கிள் கம்பி போட்டேன். 2 பலத்துக்கும் 3 பலத்துக்கும் தடால் என்று சாய்ந்தது. 39க்கும் 40க்கும் அரை விரற்கடைகூட இறங்கவில்லை. கச்சான் காற்றில் அதைவிட அதிகமாக ஆடியது.

இதில் நாலு நாள் போயிற்று. எண்ணெய் விட்டேன், கம்பியைத் தேய்த்தேன், கோலை வெயிலில் காயவைத்தேன். கடைசியில் கோலைக் கழற்றித் தரையில் போட்டு நூல் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நடுத்துளை கோலின் மேல் விளிம்பில் இருக்கிறது, தட்டு தொங்கும் துளைகள் கீழ் விளிம்பில், மூன்று சென்டிமீட்டர் இறக்கம். துளைகள் அப்படி இறங்கியிருந்தால் தட்டில் வைக்கும் பாரமே கோலைச் சமநிலைக்கு இழுக்கும். பாரம் கூடக்கூட இழுப்பும் கூடும், தராசு மந்தமாகும். மேலே ஏறியிருந்தால் இதற்கு நேர்மாறு, பாரம் ஏற ஏறக் கவிழப் பார்க்கும். மூன்று துளையும் ஒரே கோட்டில் இருந்தால்தான் ஒரு பலம் வித்தியாசத்துக்குப் பாரம் எவ்வளவானாலும் ஏறக்குறைய ஒரே சாய்வு. பழைய தராசுகளில் மூன்று கத்திமுனையும் ஒரே மட்டத்தில் இருப்பது ஏன் என்று நாற்பத்தேழு வயதில் எனக்குப் புரிந்தது.

மூன்றாவது கோலில் நூல் பிடித்துத்தான் துளை போட்டேன். 39 பல ஜல்லிப் பொட்டலத்துக்கு எதிரே நாலு கட்டையும் வைத்ததும் தட்டு தரையைத் தொட்டது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அப்புறம் 40 பலப் பொட்டலத்தை வைத்தேன், இடப்பக்கம் சாய்ந்தது. பொட்டலத்தையும் கல்லையும் தட்டு மாற்றி வைத்தேன், அப்போதும் இடப்பக்கமே. கல்லில் தப்பில்லை, கோலில்தான். டிரில் பிட் வழுக்கியதில் கோலின் இடப்பக்கக் கை இரண்டு மில்லிமீட்டர் அதிக நீளம். 40 பலத்தில் அது கிட்டத்தட்ட அரைக்கால் மூன்று, அதாவது முக்காலுக்குப் பாதி பலம் தின்கிறது.

இதை முடிக்காமலே அடுத்த புதிருக்குக் குறிப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டேன். பாம்பன் புது ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி 72.5 மீட்டர் நீளம், 17 மீட்டர் உயரம் எழும். 1914இல் வந்த பழைய பாலத்தில் இரண்டு இறக்கையும் சாய்ந்து விரிந்து வந்தன. செங்குத்தாக எழுவதற்கும் சாய்ந்து விரிவதற்கும் உள்ள வித்தியாசத்தை அட்டையில் செய்து காட்டிக் கேள்வி கேட்கலாம் என்று ஒரு யோசனை. மச்சான் சிரிக்கிறார், முதலில் கோலைச் சரி பண்ணு என்கிறார்.

நாளைக்கு ஆசாரியிடம் நாலாவது வரிச்சு வாங்கப் போகிறேன். இந்த முறை துளை அவர் போடட்டும். 27 பலக் கட்டைச் சின்னவளின் அப்பா வலை சரிபார்க்க எடுத்துப் போயிருக்கிறார், அதையும் திருப்பி வாங்க வேண்டும்.