‘ரன்’ அட்டைகள்: இதுவரை சேர்த்ததும் பிரித்ததும்

ஆங்கிலத்தில் ‘ரன்’ என்ற சொல் கண்ணில் பட்டாலோ காதில் விழுந்தாலோ, அந்த வாக்கியத்தை ஒரு அட்டையில் எழுதிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வருகிறேன். பெட்டி நிரம்பிவிட்டதால் இப்போது பிரித்து அடுக்கும் கட்டத்தில் இருக்கிறேன். இதுவரை தெரியவந்ததைச் சொல்கிறேன்.

ஏன் இந்தச் சொல் என்றால், ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் மிக நீளமான பதிவு இதற்குத்தான். 1989இல் வந்த இருபது தொகுதிப் பதிப்பில் ‘செட்’ முதலிடத்தில் இருந்தது. அப்புறம் ‘மேக்’, ‘புட்’ என்று மாறி, 2011இல் ‘ரன்’ முந்திவிட்டது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியர் ஒன்பது மாதம் போல உட்கார்ந்து, வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்களைப் பிரித்துக் காட்டினார். மூன்றெழுத்துச் சொல்லுக்கு இத்தனை எப்படி என்பதைக் கையால் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன்.

முறை என்னுடையது அல்ல. 1879இல் அந்த அகராதியின் ஆசிரியரான ஜேம்ஸ் மரே, பல நாட்டு வாசகர்களிடம் கேட்டு வாங்கிய சீட்டுகள்தான் முன்மாதிரி. சுமார் 6 அங்குலத்துக்கு 4 அங்குலம் தாள். இடது மூலையில் சொல், அதன் கீழே எங்கிருந்து எடுத்தது, எந்த ஆண்டு, அப்புறம் முழு வாக்கியம். தோட்டத்தில் தகரக் கொட்டகை போட்டு, சுவர் முழுக்க மாடங்கள் வைத்து அந்தச் சீட்டுகளை அடுக்கினார். முதல் பகுதி 1884இல் வந்தது. அகராதி முடிய 1928 ஆயிற்று, மரே 1915லேயே காலமாகிவிட்டார். ஏ4 தாளை நான்காகக் கிழித்தால் கிட்டத்தட்ட அதே அளவு வருகிறது. செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இது வசதி. அட்டையின் பின்பக்கம், தமிழில் அந்த இடத்தில் என்ன சொல்வோம் என்று பென்சிலால் எழுதுகிறேன். பேனா வேண்டாம்; பின்பக்கம் மாறிக்கொண்டே இருக்கும்.

அட்டைகள் வந்த இடங்கள் பல: ஆங்கில நாளிதழ், கிரிக்கெட் வர்ணனை, ரயில் நிலைய அறிவிப்பு, துணியின் உள்பக்கம் தைத்திருக்கும் துவைப்புச் சீட்டு, வீடு கட்டுபவரின் மதிப்பீட்டுத் தாள். புத்தகங்களைவிட இந்தச் சில்லறைத் தாள்களில்தான் சொல் நன்றாக வேலை செய்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் பின்னால் வரும் துணைச்சொல்லை வைத்துப் பிரித்தேன். ‘ரன் அவுட்’ ஒரு கட்டு, ‘ரன் அப்’ ஒரு கட்டு என்று. வேகமாக முடிகிற வேலை, ஆனால் பயன் குறைவு. ‘ரன் டவுன்’ கட்டை மட்டும் பாருங்கள்: லாரி ஆளை இடித்துத் தள்ளுவது, பேட்டரி தீர்ந்துபோவது, ஒருவரை மட்டம் தட்டிப் பேசுவது, பட்டியலை மேலிருந்து கீழாகச் சொல்லிப் போவது, பராமரிப்பின்றிப் பாழடைந்த வீடு. எல்லாம் ஒரே கட்டில் இருந்தும் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லை.

அதனால் கட்டுகளைக் கலைத்து, ‘யார் அல்லது எது ஓடுகிறது’ என்று கேட்டு மறுபடி அடுக்கினேன். இங்கேதான் சொல் திறந்துகொண்டது. கால் உள்ளவை ஓடும் அட்டைகள் நான் நினைத்ததைவிட மெலிந்த கட்டு. தடித்த கட்டு தண்ணீருடையது. ஆறு, குழாய், மூக்கு, அழும்போது கலையும் கண் மை, முழுதாக வேகாத மஞ்சள் கரு, எல்லாவற்றுக்கும் ‘ரன்’. புதுச் சட்டையின் துவைப்புச் சீட்டில் சாயம் ‘ரன்’ ஆகும், தனியாகத் துவைக்கவும் என்று இருந்தது. நாம் ‘சாயம் போகிறது’ என்கிறோம். நம் கண் சட்டையின் மேல் இருக்கிறது. அவர்கள் கண், சாயம் கரைந்து பக்கத்துத் துணிக்குப் போகிற வழியின் மேல் இருக்கிறது.

இது தற்செயல் இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘ரின்னன்’ என்ற வடிவம் இருந்தது. அதன் உறவுச் சொல் ஜெர்மன் மொழியில் இன்றும் ‘ரின்னென்’ என்று இருக்கிறது. பொருள், ஒழுகுவது, வழிவது. ‘ரின்னெ’ என்றால் அங்கே நீர் ஓடும் வாய்க்கால். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் சிற்றோடைக்கே ‘ரன்’ என்று பெயர். 1861 ஜூலையிலும் மறு ஆண்டு ஆகஸ்டிலும் உள்நாட்டுப் போரின் இரண்டு சண்டைகள் நடந்த புல் ரன் அப்படி ஓர் ஓடை. ‘புல்’ என்றால் ஆங்கிலத்தில் காளைதான், ஆனால் மாடு ஓடியதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

தண்ணீர்க் கட்டை மேசையில் வைத்துக்கொண்டதும் மற்றவை பக்கத்தில் வந்து சேர்ந்தன. வங்கி மேல் நம்பிக்கை போய், எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க முந்துவதை ‘பேங்க் ரன்’ என்கிறார்கள். அதற்கு அட்டைகள் இரண்டு வைத்திருக்கிறேன். 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கி வாசல்களில் மக்கள் வரிசைகட்டி நின்றார்கள். 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிகான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை வாடிக்கையாளர்கள் எடுக்க முயன்றார்கள். பெரும்பாலும் இருந்த இடத்திலிருந்தே, கணினியிலும் போனிலும். முதல் காட்சியில் ஆட்கள் நிற்கிறார்கள், இரண்டாவதில் ஆட்களே இல்லை. இரண்டிலும் ஓடியது பணம். அணையில் உடைப்பு எடுத்தால் எப்படியோ அப்படி.

அடுத்தது கோட்டுக் கட்டு. நகராத பொருள்கள் இதில் இருக்கின்றன. சாலை வடக்கே ‘ரன்’ ஆகிறது, வேலி வயலோரமாக ‘ரன்’ ஆகிறது, சுவரில் விரிசல் ‘ரன்’ ஆகிறது. ஓடுவது பார்ப்பவரின் கண். தையல் பழகுபவர்களுக்கு ‘ரன்னிங் ஸ்டிச்’ தெரியும்: ஊசி துணிக்கு மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை என்று முன்னாலேயே போய்க்கொண்டிருக்கும், திரும்பி வராது. திரும்பி வந்தால் அது ‘பேக் ஸ்டிச்’. கட்டட வேலையில் சுற்றுச்சுவரை ‘ரன்னிங் அடி’ கணக்கில் சொல்வதும் இதே வகைதான். உயரத்தைக் கணக்கில் எடுக்காமல் சுவர் போகிற நீளத்தை மட்டும் அளக்கிறார்கள்.

இயந்திரக் கட்டு பெரிது, ஆனால் ஒருமுறை பிடி கிடைத்துவிட்டால் எளிது. நீர் ஓடச் சக்கரம் ஓடியது, சக்கரம் ஓட ஆலை ஓடியது, ஆலையை ஒருவர் ஓட்டினார். அங்கிருந்து கடை, பள்ளி, அரசாங்கம், கடைசியில் கணினி நிரல் வரைக்கும் வரிசையாக வைக்க முடிகிறது.

தேர்தல் அட்டைகளில் ஒரு வேடிக்கை. அமெரிக்க வேட்பாளர் பதவிக்காக ‘ரன்’ செய்கிறார். பிரிட்டிஷ் வேட்பாளர் ‘ஸ்டாண்ட்’ செய்கிறார். நம் ஊரிலும் தேர்தலில் ‘நிற்கிறார்’. இந்த அட்டையின் பின்பக்கத்தில் மட்டும் எனக்கு யோசனையே தேவைப்படவில்லை.

மற்றபடி பின்பக்கங்களில் நம்முடைய ‘ஓடு’ எவ்வளவு தூரம் கூடவே வருகிறது என்று பார்ப்பது இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. படம் நூறு நாள் ஓடியது, மோட்டார் ஓடுகிறது, காலம் ஓடுகிறது, ஏதோ பிழைப்பு ஓடுகிறது: இவை அத்தனைக்கும் ஆங்கிலப் பக்கத்தில் ‘ரன்’ பொருந்துகிறது, பிழைப்புக்குக் கொஞ்சம் இழுக்க வேண்டும். ஓட்டு என்ற பிறவினை நமக்குத் தனியாக இருப்பதால் வண்டி ஓடுவதும் வண்டியை ஓட்டுவதும் குழம்புவதில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம். பின்னால் செயப்படுபொருள் வருகிறதா என்று பார்த்துத்தான் அட்டையைப் பிரிக்க முடியும். குளிப்பதற்குத் தொட்டியில் தண்ணீர் விடுவதை ‘ரன் எ பாத்’ என்கிறார்கள். அங்கே ‘ஓட்டு’ வராது. நாளிதழ் ஒரு செய்தியை ‘ரன்’ செய்தால் நாம் ‘போடுகிறது’ என்போம்.

கிரிக்கெட் கட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இரு விக்கெட்டுக்கும் நடுவே 22 கெஜம் ஓடி எதிர்முனையைத் தொட்டால் ஒரு ரன். பேர் அதிலிருந்துதான் வந்தது. ஆனால் பந்து எல்லைக்கோட்டைத் தொட்டால் ஓடாமலே நான்கு, தரையில் படாமல் தாண்டினால் ஆறு. வைட், நோ-பால் என்று பந்து வீசுபவர் தவறினாலும் அணிக்கு ரன். ஆகவே, ஓட்டத்தைக் குறித்த சொல் எண்ணிக்கையின் அலகாகவே ஆகிவிட்டது. அதே ஆட்டத்தில் ‘ரன் அவுட்’டில் மட்டும் கால்கள் நிஜமாக ஓடுகின்றன. காயம்பட்டவருக்குப் பதில் ஓட ‘ரன்னர்’ வைக்கும் வழக்கத்தைச் சர்வதேச ஆட்டங்களில் 2011இல் ஐசிசி நீக்கியதால், அந்தப் பொருளுக்குப் புது அட்டை கிடைப்பது அரிது.

எந்தக் கட்டிலும் சேராமல் நிற்பவையும் உண்டு. காய்ச்சல் அடிப்பதை ‘ரன்னிங் எ டெம்பரேச்சர்’ என்கிறார்களே, அது இயந்திரமா, நீரா? சிவப்பு விளக்கில் நிற்காமல் போவதை ‘ரன் எ ரெட் லைட்’ என்பதும் அப்படித்தான். ‘ரன் த காண்ட்லெட்’ அட்டையைக் கால் கட்டில் வைத்துவிட்டேன். இரண்டு வரிசை வீரர்கள் தடியால் அடிக்க, நடுவே குற்றவாளி ஓட வேண்டிய பழைய ராணுவத் தண்டனை அது. ‘காண்ட்லெட்’ என்பதும் ஸ்வீடிஷ் மொழியின் ‘காட்லோப்’, அதாவது சந்து ஓட்டம், திரிந்து வந்ததுதான்.

அடுத்து ‘ரன்னிங்’ என்று தொடங்கும் நம் நாட்டு வழக்குகளை மட்டும் தனியாக எடுக்கப் போகிறேன். ரயில் ஓட்டுநர்கள் பணிக்கு நடுவே தூங்கி எழும் ‘ரன்னிங் ரூம்’, ஒப்பந்தக்காரர் வேலை நடக்க நடக்கப் போடும் ‘ரன்னிங் பில்’, பழைய பைக் விளம்பரத்தின் ‘ரன்னிங் கண்டிஷன்’. அவற்றுக்குப் பெட்டியில் இடம் இல்லை. புதிதாக ஒன்று வாங்க வேண்டும்.