மேல் காற்றே, வெட்டு

29.11.2020
விளக்கீடு. வாழைக்குற்றியில் ஏற்றிய சிட்டி ஆடாமல் எரிந்தது. நிவர் புயல் கரையேறி ஒரு கிழமைகூட ஆகவில்லை, அதற்குள் அந்தமானுக்குத் தெற்கே அடுத்த தாழமுக்கம்.

30.11.2020
அக்கா வரமாட்டாளாம். "மாடுகளை ஆர் பாக்கிறது?"

01.12.2020
வேலை ஓடவில்லை. கடல் சூடு 26.5 பாகைக்கு மேலே, அதில் புயலுக்கு ஒரு குறையும் இல்லை. நான் பார்ப்பது உயரத்தில் வீசுகிற மேல் காற்று அதை வெட்டுகிறதா என்றுதான். ஒன்றரைக் கிலோமீற்றர் உயரத்துக் காற்றும் 12 கிலோமீற்றர் உயரத்துக் காற்றும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால், முகில் ஒரு பக்கம் சுழி ஒரு பக்கமாகப் பிரிந்து, நடுவில் சேர்கிற சூடு கலைந்துவிடும், அமுக்கம் இறங்காது. வித்தியாசம் 20 நொட்டை, அதாவது மணிக்கு 37 கிலோமீற்றரைத் தாண்டினால் புயல் தலையெடுப்பது கஷ்டம். ஆடி ஆவணியில் கடல் சூடாகக் கிடந்தும் பெரும்புயல் அரிதாக இருப்பது இதனால்தான், கீழே சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று, மேலே கிழக்கிலிருந்து பறக்கிற காற்று. கார்த்திகையில் அந்த இழுபறி தணிந்துவிடும், நமக்குக் கேடு அப்போதுதான். முகில் நடுவோடு கிடக்கிறதா விலகிக் கிடக்கிறதா என்று செய்மதிப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். வெட்டு, இன்னும் வெட்டு.

இரவு: பெயர் வைத்துவிட்டார்கள். புரெவி.

02.12.2020
தறப்பாளுக்கு மேல் டயர் ஏற்றியாச்சு. அம்மா காலையிலிருந்து 1964 மார்கழியையே சொல்லிக்கொண்டிருக்கிறா. அது வன்னியைக் குறுக்கறுத்துப் போய்த்தான் தனுஷ்கோடியை அழித்தது. இதுவும் அதே பக்கம்தான் பார்க்கிறது. மேல் காற்று வெட்டவில்லை.

இரவு பதினொரு மணி. திருகோணமலைக்கு வடக்கே ஏறுகிறதாம். அக்காவுக்குப் போன் எடுத்தேன். "கூரை கிடக்கு, நீ படு" என்றாள். பின்னால் மாடு கத்துவது கேட்டது.

03.12.2020
மன்னார்க் கடலில் இறங்கிவிட்டது. அக்காவின் போன் வேலை செய்யவில்லை.

04.12.2020
போனால் நிம்மதி என்று பார்த்தால் ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் அப்படியே நிற்கிறது. புயல் தானாக நடப்பதில்லை, சுற்றியிருக்கிற பெரிய காற்றோட்டம்தான் அதைத் தள்ளிக்கொண்டு போவது. ஒரு பக்கத் தள்ளலை மறுபக்கத் தள்ளல் சமன்செய்தால் நின்றுவிடும், நின்ற இடத்தில் ஊற்றும். சனம் காற்றுக் குறைந்துவிட்டது என்று வெளிக்கிடுகிறது. காற்றை மட்டும் பார்க்காதீர்கள், மழையைப் பாருங்கள் என்று காண்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். அக்காவின் வயல் பள்ளக்காணி.

இன்னும் போன் இல்லை.

05.12.2020
வலுவிழந்துவிட்டதாம். அண்ணை மோட்டார்சைக்கிளை எடுக்கிறார். வட்டுவாகல் பாலத்தால் விடுகிறார்களா என்று கேட்டுவிட்டு