கல்லறை இல்லாத புனிதரைத் தேடி: கண்டிக்கு ஒரு ஜனவரி யாத்திரை

யாத்திரை என்றால் நம் ஆட்களுக்குத் தொட்டுக் கும்பிட ஒரு சொரூபம் வேண்டும், மெழுகுதிரி கொளுத்த ஓரிடம் வேண்டும். மடுவில் மாதா இருக்கிறாள், வஹாகோட்டையில் அந்தோனியார் இருக்கிறார். புனித யோசப் வாஸ் அடிகளாரைத் தேடிக் கண்டிக்கு வருகிறவர்களுக்கு அப்படி ஒன்றும் கிடைப்பதில்லை. 1711 ஜனவரி 16ஆம் திகதி அவர் இறந்ததும் அடக்கமானதும் கண்டியில்தான். ஆனால் கல்லறை எங்கே என்று கைகாட்ட இன்று ஆளில்லை. கண்டி வாவிகூட அவர் கண்டதல்ல; அது ஏறத்தாழ நூறு வருடம் கழித்து வெட்டியது.

கல்லறை இல்லாததால் அவர் செய்த வேலையைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது. கோவாவில் பிராமணக் கத்தோலிக்கக் குடும்பத்தில் 1651இல் பிறந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்திருந்த காலத்தில் ஏழை வேஷத்தில் யாழ்ப்பாணம் வந்து, 1692இல் கண்டிக்குள் நுழைந்தபோது போர்த்துக்கேய ஒற்றன் என்று பிடிபட்டு அடைபட்டார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. ஊர் காலியானது; நோயாளிகளைச் சொந்தக்காரரே காட்டில் விட்டுவிட்டு ஓடினார்கள். அடிகளாரும் அவருடைய உறவினரான யோசப் கார்வால்யோ அடிகளாரும் குடிசை குடிசையாகப் போய்ப் புண் கழுவினார்கள், சோறு கொடுத்தார்கள், செத்தவர்களைப் புதைத்தார்கள். கைவிட்ட வீடுகள் ஆஸ்பத்திரி ஆயின. யார் எந்த மதம், எந்தச் சாதி என்று பார்க்கவில்லை. தொட்டால் தீட்டு என்று வளர்ந்த காலத்தில் ஒரு பிராமணன் மற்றவருடைய சீழைத் துடைத்தது சின்ன மாற்றமல்ல.

ஆகவே ஜனவரி 16ஆம் திகதி அவருடைய திருநாள் யாத்திரையைக் காலைத் திருப்பலியோடு முடிக்காமல் ஆஸ்பத்திரி வார்ட் வரை நீட்டுங்கள். நம் மலையகத்து ஹட்டனிலிருந்து கண்டி ஏறத்தாழ 70 கிலோமீற்றர். விடியற்காலை 4 மணிக்குப் புறப்பட்டால் பள்ளிக்கூட நெரிசலுக்கு முன் ஊருக்குள் நுழையலாம். கினிகத்ஹேன வளைவுகளில் வாந்தி எடுக்கிற பிள்ளைகளை முன் சீட்டில் வையுங்கள். வயிறு நிறைய ரொட்டி கொடுத்து ஏற்ற வேண்டாம். புனித அந்தோனியார் பேராலயத்தில் திருப்பலி நேரத்தையும் பாவசங்கீர்த்தனத்துக்குத் தமிழ் தெரிந்த சுவாமி இருப்பாரா என்பதையும் ஒரு வாரம் முன்பே கேட்டு வையுங்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பார்வை நேரம் வழக்கமாக மதியம் 12 முதல் 1 வரை, மாலை 5 முதல் 6 வரை. ரோசா பஸ்ஸில் வந்த 25 பேரும் ஒரே வார்ட்டுக்குள் போனால் காவலாளி வாசலிலேயே மறிப்பார், மறிப்பதும் நியாயம்தான். முன்கூட்டியே அனுமதி கேட்டு, ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் என்று பிரியுங்கள். தூரத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து படுத்திருப்பவருக்குப் பார்க்க ஆள் வருவது அரிது: ஒரு நாள் பேரும் (நாட்கூலியும்) போய் பஸ் காசும் போகும் என்றால் வீட்டார் எத்தனை தடவை வருவார்கள்? ஒரு பையில் சவர்க்காரம், பற்பசை, துவாய், பாட்டா செருப்பு, ஒரு கோப்பை, கரண்டி போதும். சாப்பாடு கொடுக்காதீர்கள். கேக்கோடு போவதுதான் வழக்கமான தவறு. அடுத்த கட்டிலில் இருப்பவருக்குச் சீனி வருத்தம் இருக்கும்.

பையைவிடப் பெரிய உதவி சிங்களம் பேசத் தெரிந்த பிள்ளைதான். மிஸ் (தாதி) வந்து, "ஹெட்ட உதே முக்குத் கன்ன எப்பா" என்பார். நாளைக்குக் காலையில் ஒன்றும் சாப்பிட வேண்டாம் என்று அர்த்தம். கட்டிலில் இருக்கிற அம்மா "ஹரி மிஸ்" என்று தலையாட்டுவார், விடிய 5 மணிக்கு எழும்பித் தேத்தண்ணியில் பிஸ்கட்டைத் தோய்த்துச் சாப்பிடுவார். ஒப்பரேஷன் தள்ளிப்போகும். மிஸ் சொன்னதைக் கேட்டு, ஒரு தாளில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதித் தலைமாட்டில் ஒட்டிவிட்டு வாருங்கள். வாசிக்கத் தெரியாதவர் என்றால் பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லி வையுங்கள்.

செபிக்கலாமா என்று முதலில் கேளுங்கள். துண்டுப்பிரசுரம் வேண்டாம், போட்டோ வேண்டவே வேண்டாம். கத்தோலிக்க நோயாளி நற்கருணையோ நோயில் பூசுதலோ கேட்டால் வார்ட் நம்பரையும் கட்டில் நம்பரையும் குறித்துப் பங்குத்தந்தையிடம் கொடுங்கள்.

சாகும் தறுவாயில் அடிகளார் தம்மோடு இருந்தவர்களிடம், வாழ்நாளெல்லாம் செய்யாமல் விட்டதைச் சாகிற நேரத்தில் செய்வது லேசல்ல என்று சொன்னதாக அவருடைய வரலாறு சொல்கிறது. வருடத்தில் ஒரு நாள் மட்டும் போய் வந்தால் போதாது என்பதும் அதற்குள் அடங்கும் என்றுதான் தோன்றுகிறது. பங்கில் 12 குடும்பம் சேர்ந்து மாதம் ஒரு குடும்பம் என்று முறை வைத்தால் ஒரு வீட்டுக்கு வருடத்தில் ஒரு தடவைதான் வேலை. சம்பள நாளில் தவறணைக்கு (சாராயக் கடைக்கு) போகிற காசில் கொஞ்சம் ஒதுக்கினாலே பை வாங்கிவிடலாம். குடித்து ஈரல் கெட்டுப் படுத்திருப்பவரின் காலை ஒரு தடவை துடைத்துவிட்டு வந்த ஆண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு கொப்பியில் போனவர் பெயர், பார்த்த வார்ட், அடுத்து என்ன தேவை என்று எழுதி ஆலயத்தில் வையுங்கள். கொப்பி இல்லாவிட்டால் மூன்றாம் மாதமே முறை குழம்பும்.

ஜூன், ஜூலை மழையில் மண் சரிந்து பாதை மூடினால் முறைக்காரர் கண்டிக்குப் போக முடியாமல் போகும். அந்த மாதங்களுக்கு டிக்கோயா ஆஸ்பத்திரியைக் கொப்பியில் முதலிலேயே எழுதி வையுங்கள். ஹட்டனிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான்.