பதிவாகவில்லை என்று சொன்னேன்

"தம்பி, முதலில் பாடியது சரியாகப் பதிவாகவில்லை. இன்னொரு முறை பாடிவிடு" என்று ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து, பாட வந்த பையனிடம் சொன்னேன். நான் ஒலிப்பதிவாளன். அது பொய். நன்றாகவே பதிவாகியிருந்தது. அவன் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு, "என் தவறாகத்தான் இருக்கும் அண்ணா. மைக்கை விட்டு விலகி நின்றிருப்பேன்" என்றான். நான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. பொய்யைக்கூட எப்படியோ செரித்துக்கொண்டேன். அவன் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டபோது வாய் மூடி இருந்தேனே, அதுதான் இன்னும் குடைகிறது.

அந்த யோசனை எனக்குத் தோன்றியதன்று. 1991 மே, ஜூன் மாதங்களில் கலிஃபோர்னியாவின் வான் நைஸில், சவுண்ட் சிட்டி ஸ்டூடியோவில் நிர்வாணா என்ற ராக் குழு 'நெவர்மைன்ட்' ஆல்பத்தைப் பதிவு செய்தபோது தயாரிப்பாளர் புட்ச் விக் கையாண்ட வழி அது. ஒரே வரியை மறுபடி பாடி, முதல் குரலின்மேல் படியவைத்துக் கனம் கூட்டுவது குழுவின் பாடகர் கர்ட் கோபேனுக்குப் பிடிக்கவில்லை. மெருகேற்றாத முரட்டு ராக்கான பங்க் இசையில் ஊறியவருக்கு அது போலியாகப் பட்டது. விக்குக்கோ அந்தக் கனம் வேண்டும். முந்தைய டேக் (ஒருமுறை பாடிய பதிவு) சரியாகப் பதிவாகவில்லை என்று சொல்லி மீண்டும் பாடவைத்தார். 'இன் ப்ளூம்' பாட்டுக்கு மட்டும் வேறு உபாயம்: "ஜான் லெனன் இதைச் செய்திருக்கிறார்" என்றார். பீட்டில்ஸ் குழுவின் லெனன் பெயரைக் கேட்டதும் கோபேன் இணங்கிவிட்டார்.

தொழில் கற்றுக்கொண்ட நாட்களில் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பப் படித்து வியந்திருக்கிறேன். கலைஞனின் பிடிவாதத்தை நோகாமல் தாண்டுவதுதான் நம் வேலையின் நுட்பம் என்று நம்பினேன். லெனனைப் பற்றிய மீதிக் கதையைப் பிறகுதான் அறிந்தேன். ஒரே பாட்டை இரண்டு முறை பாடுவது லெனனுக்கும் அலுப்பான வேலை. அவருடைய அலுப்பைத் தீர்ப்பதற்காகவே 1966இல் லண்டன் ஏபி ரோடு ஸ்டூடியோவின் பொறியாளர் கென் டவுன்சென்ட், ஒருமுறை பாடியதையே இரண்டு குரலாக்கும் வழியை டேப் இயந்திரங்களைக் கொண்டு கண்டுபிடித்தார். விக் சொன்னது உண்மைதான். ஆனால் முழுக்கதையையும் கோபேன் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கலாம்.

அந்த ஆல்பத்துக்கு நடந்ததை எண்ணும்போது என் சந்தேகமெல்லாம் அற்பமாகத் தெரியும். 1991 செப்டம்பர் 24 அன்று வெளியானபோது அமெரிக்கக் கடைகளுக்குப் போனவை 50,000க்கும் குறைவான பிரதிகள். அமெரிக்க விற்பனையை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் நுழைந்த இடம் 144. இரண்டரை லட்சம் விற்றாலே பெரிது என்று இசைத்தட்டு நிறுவனம் கணக்குப் போட்டிருந்தது. 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தைத் தள்ளிவிட்டு அது முதலிடத்தில் நின்றது. கிட்டாரின் இரைச்சலுக்கு நடுவே புதையாமல் நிற்கும் அந்தக் குரல் இல்லாமல் இது நடந்திருக்குமா? விக் ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் அந்தக் குரல் கிடைத்திருக்குமா?

ஆனால் கோபேன் பிற்பாடு அந்த ஆல்பத்தின் ஒலியை எண்ணிக் கூச்சப்படுவதாகச் சொன்னார். பங்க் இசைத்தட்டைவிட, பளபளப்பான மெட்டல் குழுவான மாட்லி க்ரூவின் இசைத்தட்டுக்கே அது நெருக்கமாக இருப்பதாக வருந்தினார். அதேசமயம், மிக்ஸிங் (பதிவான ஒலிகளை அளவாகக் கலப்பது) செய்த ஆண்டி வாலஸைப் பெயர்ப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தவரும் அவரேதான். வாலஸ் கைபட்ட பிறகுதான் அந்த மெருகு வந்தது. ஆகவே முழுப் பழியையும் விக்கின் பொய்மேல் சுமத்த முடியாது. என் மனம் இந்த இடத்தில் சற்று நிம்மதியாக மூச்சுவிடும்.

நீண்ட நேரம் அல்ல. அதே ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'சம்திங் இன் தி வே' ஸ்டூடியோவுக்குள் சரியாக அமையவில்லை. கோபேன் கண்ட்ரோல் அறைக்கு வந்து சோபாவில் படுத்துக்கொண்டு, காதுக்கு எட்டாத குரலில் முணுமுணுத்துக் காட்டினார். விக் மின்விசிறியை நிறுத்தினார், தொலைபேசி இணைப்பைப் பிடுங்கினார், மைக்கைச் சோபாவுக்கே கொண்டுவந்தார். அங்கே ஏமாற்று எதற்கும் இடமில்லை. பாடுகிறவன் இருக்கும் இடத்துக்குப் பதிவு செய்கிறவன் போனான். நானும் அதைப் படித்தவன்தான். ஆனால் கையில் எடுத்துக்கொண்டது அந்தப் பொய்யை.

அடுத்த ஆல்பத்துக்கு நிர்வாணா குழுவினர் ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினியிடம் போனார்கள். பிளம்பருக்குக் கூலி கொடுப்பதுபோல் வேலைக்கு மட்டும் கொடுங்கள், விற்பனையில் பங்கு வேண்டாம் என்றவர் அவர். 1993 பிப்ரவரியில் மினசோட்டாவில் ஏறக்குறைய இரண்டே வாரங்களில் பதிவு முடிந்தது. அவ்வளவு நேர்மையாகச் செய்த பிறகும் நிறுவனம் முகம் சுளித்தது, குழுவுக்கும் ஐயம் வந்தது, இரண்டு பாடல்களைத் தயாரிப்பாளர் ஸ்காட் லிட் மறுபடி மிக்ஸ் செய்தார். நேர்வழியும் கலைஞனை நிறைவாக வைத்துவிடவில்லை என்று இதைக் காட்டி எனக்கு நானே வாதாடுவேன்.

நான் தம்பி என்றழைத்த அந்தப் பையனின் பாட்டும் நன்றாகவே போயிற்று. அவனுடைய குழுவின் பாடல்களில் அதிகம் கேட்கப்பட்டது அதுதான். ஆறு மாதம் கழித்து வந்து, "மேடையில் அந்தக் குரல் வரவில்லை அண்ணா. எல்லோரும் கேட்கிறார்கள். பதிவில் இருப்பது நான்தானா?" என்றான். இரண்டும் உன் குரல்தான், ஒன்றன்மேல் ஒன்று வைத்தேன் என்று விளக்கினேன். எந்த இரண்டு என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவன் போன பிறகு ஒன்று உறைத்தது. கோபேன் மறுத்தார், அதனால் விக் பொய் சொன்னார். இவன் மறுக்கவே இல்லை. நான் கேட்கவே இல்லை. இருபது வயதுப் பையன், என்னை நம்பி வந்தவன், இரட்டைக் குரல் வேண்டும் என்றால் மகிழ்ந்து பாடியிருப்பான். வாசலில் அடுத்த குழு காத்திருந்தது, மணிக்கணக்கில் வாடகை ஓடியது, விளக்கிச் சொன்னால் எச்சரிக்கையாகிப் பாட்டில் உயிர் போய்விடும் என்று பயந்தேன். இவை எல்லாமே உண்மையான காரணங்கள். விக் செய்ததைச் செய்து பார்க்கும் ஆசையும் இருந்தது.

வெள்ளிக்கிழமை புதிய பாட்டுக்கு வருகிறான். நேற்று பழைய கோப்புகளை ஒழுங்குபடுத்தினேன். அவனுடைய அந்த முதல் டேக் அப்படியே இருக்கிறது. அன்றைக்கே நான் இட்ட பெயரும் இருக்கிறது: 'டேக் 1, மிக நன்று'.