லேசி மொழிக்கு பிரேக்பாயிண்ட்: மூன்றாவது வாரம்

ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியின் பாணியில் சின்னதாக ஒரு லேசி மொழி எழுதி வருகிறேன். ஒரு மதிப்பு தேவைப்படும்போது மட்டுமே அதைக் கணக்கிடுவதுதான் லேசி மொழி. அதை ஓட்டும் இன்டர்ப்ரெட்டர் ரஸ்ட் மொழியில். இந்த வாரம் முழுக்க, ஓடும் நிரலை நடுவில் நிறுத்திப் பார்க்க உதவும் பிரேக்பாயிண்டோடுதான் போனது.

நிறுத்துவது சுலபமாகவே வந்தது. ஒரே வரியில் நாலைந்து கோவைகள் (கணக்கிட்டால் ஒரு மதிப்பு தரும் நிரல் துண்டுகள்) இருக்கும் என்பதால் வரி எண்ணை நம்பவில்லை. ஒவ்வொரு கோவையும் தொடங்கும் இடம், முடியும் இடம் இரண்டையும், நிரலைப் படித்துப் பிரிக்கும் பார்சரிலேயே குறித்து வைத்தேன்.

நின்ற பிறகு மாறிகளைக் காட்டுவதில்தான் மாட்டிக்கொண்டேன். சோதனைக்கு எடுத்தது இது: 5, 0, 2 என்ற பட்டியல். 100ஐ ஒவ்வொன்றாலும் வகுத்து, கடைசி விடையை மட்டும் கேட்கிறேன். லேசி மொழியில் நடுவில் உள்ள வகுத்தல் நடக்கவே நடக்காது. 50 என்று சரியாக வரும். பிரேக்பாயிண்ட் வைத்து ஓட்டினால் 'பூஜ்யத்தால் வகுத்தல்' என்று நின்றுவிட்டது! நிரலில் தப்பே இல்லை. பட்டியலை அச்சிட்டுக் காட்டுவதற்காக பிழை தேட உதவும் என் டீபக்கர்தான் எல்லா தங்க்கையும் (கணக்கிடாமல் தள்ளிவைத்த கோவை) கணக்கிட்டிருக்கிறது.

ஹாஸ்கெல் நிரலை உடனுக்குடன் ஓட்டிப் பார்க்கும் கருவியான ஜிஎச்சிஐ இதை எப்படிச் சமாளிக்கிறது என்று போய்ப் பார்த்தேன். 2007இல் வந்த 6.8 பதிப்பிலிருந்தே அதில் டீபக்கர் உண்டு. அதன் ஸ்பிரிண்ட் கட்டளை எதையும் கணக்கிடாது, தெரியாத இடத்தில் அடிக்கோடு போட்டுவிடும். கணக்கிட்டே ஆகவேண்டும் என்றால் ஃபோர்ஸ் என்ற கட்டளை தனியாக இருக்கிறது. சரி, அதுதான் முறை. இப்போது என்னுடையதும் நிரல் முடிந்ததும் [_, _, 50] என்று காட்டுகிறது. அதைத் திரையில் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம். எது நடந்தது, எது நடக்கவில்லை என்பது அப்படியே கண்ணுக்குத் தெரிகிறது.

ஒரு நுணுக்கம்: வகுத்தலுக்குள் நிற்கும்போது மூன்றாவது தங்க் பாதியில் இருக்கும். அதை ஃபோர்ஸ் செய்தால் தன்னையே கேட்டுக்கொண்டு சுழலும். அதற்கு நட்சத்திரக் குறி போட்டு, ஃபோர்ஸையும் மறுத்துவிட்டேன்.

அப்புறம் ஸ்டாக், அதாவது இன்னும் முடியாத அழைப்புகளின் அடுக்கு. மதிப்பைக் கேட்டது யார் என்றுதான் அது சொல்கிறது. அந்தக் கோவை எங்கே பிறந்தது என்று சொல்வதில்லை. பிழை தேடுகிறவருக்குப் பின்னதுதான் அதிகம் தேவை. அதனால் ஒவ்வொரு தங்க்கிலும் பிறந்த இடத்துக்கு 8 பைட் சேர்த்தேன். நிரல் கடந்த கடைசி 50 படிகளை நினைவில் வைக்கும் வரலாறும் ஜிஎச்சிஐயைப் பார்த்துச் செய்ததுதான்.

டெயில் கால் (ஒரு செயற்கூறு தன் கடைசி வேலையாகச் செய்யும் அழைப்பு) இன்னும் பாக்கி. ஓகேமல் மொழியின் டீபக்கர் போல பின்னோக்கி நடக்கவும் ஆசை. அது ஃபோர்க் செய்து, அதாவது ஓடும் நிரலைப் பிரதி எடுத்து, திரும்பி வருவதற்கான செக்பாயிண்ட் வைத்துக்கொள்கிறது. அடுத்த வாரம் அதைத்தான் முயலப்போகிறேன்.